பெண்டில் ஹில்லில் ஓர் அறச்சலூர்க்காரர்

சென்னிமலைப் போர்வையைக் கையில் எடுத்தால் கனம் தெரியாது. நாலைந்தை மடித்துப் பெட்டியில் வைத்துத் தராசில் ஏற்றினால்தான் தெரியும். 2009-இல் நாங்கள் குடும்பத்தோடு சிட்னிக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி, அம்மா வீட்டுத் திண்ணையில் இந்தப் போர்வைகளை வைத்துத்தான் பஞ்சாயத்து நடந்தது. விமானத்துக்கு ஆளுக்கு இவ்வளவு எடைதான் என்று கணக்கு. எதை வைப்பது, எதை எடுப்பது?

"ஏனுங்கத்தை, அந்த ஊர்ல போர்வை விக்க மாட்டாங்களாக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"விப்பாங்க மாப்ள. வித்துட்டுப் போறாங்க. புள்ளைங்க குளுருக்கு என்னத்தைப் போத்தும்?" என்றது அம்மா. அதில் என்ன நியாயம் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. பெரிய குக்கர் வெளியே வந்தது, போர்வை உள்ளே போனது.

அப்பாவின் தறி நாடா ஒன்றையும் நான் துணிக்குள் சுருட்டி வைத்திருந்தேன். மரச்சாமான் இருந்தால் சொல்ல வேண்டும் என்று சிட்னி விமான நிலையத்தில் தரும் அட்டையில் இருந்தது. சொன்னேன். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் தேடினார். இது எதற்கு என்று கேட்டார். துணி நெய்ய என்றேன். அதன் இரும்பு மூக்கை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். மஞ்சள்பொடி, பருப்புப்பொடி, விபூதிப் பொட்டலம் எல்லாம் திறந்து கிடந்தன. விபூதியை மட்டும் அவர் முகர்ந்து பார்த்தார். சின்னவள் சிரித்துவிட்டாள்.

குளிரைப் பற்றி அம்மா சொன்னதுதான் சரி. வெளிநாட்டில் வீடெல்லாம் கதகதப்பாக இருக்கும் என்பது சினிமா பார்த்து நாம் நினைத்துக்கொள்வது. மேற்கு சிட்னியில் பெண்டில் ஹில் என்ற இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது பழைய ஃபைப்ரோ வீடு. சிமென்ட் அட்டைச் சுவர், நடுவில் ஒன்றும் கிடையாது. ஜூலை மாத விடிகாலையில் வெளியே ஐந்து டிகிரி என்றால் உள்ளேயும் ஏறக்குறைய அதே ஐந்துதான். நாலு பேரும் ஒரே அறையில் சென்னிமலைப் போர்வைகளை இரண்டு இரண்டாகப் போர்த்திக்கொண்டு படுப்போம். மூக்கு மட்டும் வெளியே. புதுப் போர்வையில் கஞ்சி வாசம் போக நாலு துவைப்பு ஆகும். அந்த வாசத்தோடு படுத்தால், தூக்கம் வருவதற்குள் நான் எங்கள் தறிக்குழிக்கு வந்துவிடுவேன்.

எங்கள் வீட்டில் குழித்தறி. முன்னறையில் பாதி அதுதான். குழிக்குள் காலை விட்டு அப்பா உட்கார்ந்தால், மிதியும் நாடாவும் சேர்ந்து போடும் சத்தத்தில் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. சிட்னியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைச் சண்டைக்காரக் குடும்பம் என்று முதலில் நினைத்ததற்கு அந்தத் தறிதான் காரணம். சங்கத்தில் நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் வாங்கி வந்து, நெய்து, திரும்பக் கொடுத்துக் கூலி வாங்குவது அப்பாவின் வேலை. சென்னிமலையில் சங்கம் என்றால் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்தான். அந்தச் சங்கத்தை வளர்த்த எம்.பி. நாச்சிமுத்துவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது ஊருக்கே கிடைத்த மாதிரி. 'சென்டெக்ஸ்' என்று போர்வை மூலையில் இருக்கும் அந்தச் சின்ன முத்திரையை எங்கே பார்த்தாலும் எனக்கு அப்பா ஞாபகம்தான்.

ஒரு பாவு முடிந்தால் அடுத்த பாவு ஏற்ற வேண்டும். தெரியாதவர்கள் அதை எடுத்துவிட்டு இதை மாட்டுவார்கள் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. நெய்த துணியை அறுத்தாலும் பழைய பாவின் கடைசி நூல்களை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் நூல் ஒவ்வொன்றையும் அந்தப் பழைய நுனி ஒவ்வொன்றோடும் சேர்த்து முறுக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு, அடுத்தது. ஆயிரக்கணக்கான நூல். ஒன்று மாறினால் துணி முழுக்கக் கோடு விழும். பிணைக்க வருபவர்கள் பேசிக்கொண்டே செய்வார்கள், கண் மட்டும் அசையாது. அம்மா அதில் கெட்டிக்காரி. எல்லாம் முடிந்ததும் அப்பா மெதுவாக இழுப்பார். பழைய நூல் புதிதை அச்சுக்குள் கூட்டிக்கொண்டு போகும்.

பெண்டில் ஹில்லில் எங்களை அப்படி இழுத்துப் போட்டவர் அடுத்த தெருவில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. வீடு வாடகைக்கு வேண்டுமென்றால் இதற்கு முன் எங்கே வாடகைக்கு இருந்தீர்கள் என்று கேட்டார்கள். சென்னிமலையில் சொந்த வீடு. அதை எந்தப் படிவத்தில் எழுதுவது? அடையாளத்துக்கு நூறு புள்ளி வேண்டும் என்றார்கள். பாஸ்போர்ட்டுக்கு இத்தனை, வங்கி அட்டைக்கு இத்தனை, கரண்ட் பில்லுக்கு இத்தனை. வீடு இருந்தால்தான் கரண்ட் பில் வரும், கரண்ட் பில் இருந்தால்தான் வீடு. வேலைக்குப் போனால் 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்' இருக்கிறதா என்ற கேள்வி. இது புதிதாகக் குடியேறிய எல்லாரும் பாடுகிற பாட்டு, நீட்ட வேண்டாம்.

கடைத்தெருவில் இரண்டு பிள்ளைகளோடு, கையில் படிவத்தோடு நான் நின்றிருந்ததை அந்த அக்கா பார்த்திருக்கிறார். "தமிழோ பிள்ளை?" என்றார். தலையாட்டினேன். "ஏன் வெயிலுக்குள்ள நிக்கிறியள்? வீட்ட வாங்கோ" என்றார். பெயர்கூடக் கேட்கவில்லை. அவர் வீட்டு மேசையில் இடியப்பம், சொதி, சம்பல். எங்கள் ஊரில் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றித் தருவார்கள். என் மகன் இனிப்பு என்று நினைத்துச் சொதியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அக்கா எழுந்துபோய்ச் சீனி டப்பாவைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். அவருடைய வீட்டுக்காரர் எங்களுக்கு ஜாமீன் மாதிரி நின்றார். தரகர் அலுவலகத்துக்கு அவரே வந்து, இவர்கள் எங்கள் ஆட்கள் என்றார். அந்த வாரமே வீடு கிடைத்தது.

அவர்கள் ஆட்களா நாங்கள்? இதை நான் வெகுநாள் யோசிக்கவில்லை. தமிழர், தமிழருக்கு உதவினார்கள், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

"நீங்கள் இந்தியாவில எவடம்?" என்று ஒருநாள் கேட்டார். கோயமுத்தூர்ப் பக்கம் என்றேன். வெளியூரில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஈரோடு என்று சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியும், சென்னிமலை என்றால் யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. பிறகு எதற்கோ சென்னிமலை என்று வாயில் வந்துவிட்டது. முருகன் கோவில் மலை, கந்த சஷ்டி கவசத்தைத் தேவராய சுவாமிகள் அங்கேதான் அரங்கேற்றினார் என்று சொல்வார்கள் என்றேன். அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். தினமும் விடிகாலை சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் அந்த வீட்டில் கவசம் ஓடும். கொழும்பில் ஓடியிருக்கிறது, யாழ்ப்பாணத்தில் ஓடியிருக்கிறது, பதுங்கு குழிக்குள் வாயால் சொல்லியிருக்கிறார்கள். அது அரங்கேறிய ஊரின் பெண் தன் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது. அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் "இவ சென்னிமலைப் பிள்ளை" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். நாட்டை விட்டு வந்தபிறகுதான் என் ஊருக்கு அவ்வளவு மரியாதை இருப்பது எனக்குத் தெரிந்தது.

சிட்னி முருகன் கோவில் மேஸ் ஹில்லில், கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. சைவ மன்றத்தார் கட்டி 1999-இல் குடமுழுக்கு ஆனது. பெரும்பாலும் ஈழத்தவர்களின் உழைப்பு. நல்ல கோவில், அழகாகத் தேர் இழுப்பார்கள். ஆனால் காரை நிறுத்தியதும் சாமி வந்துவிடும். எனக்கு அது முதலில் ஒப்பவில்லை. சென்னிமலையில் 1320 படி. இப்போது மலைப்பாதையில் பஸ் போகிறது என்றாலும், மூச்சு வாங்காமல் பார்த்த முருகன் முருகனா? அபிஷேகத்துக்குத் தண்ணீரே அடிவாரத்திலிருந்து மாட்டு முதுகில் படியேறித்தான் போகும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்தப் பொதிமாடுகளுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பாதி வழியில் உட்கார்ந்து, அவை நம்மைத் தாண்டுவதைப் பார்ப்போம். ஒரு படிகூட அவசரப்படாது. சென்னிமலை மேல் காக்கை பறக்காது என்றும் சொல்வார்கள். நான் அண்ணாந்து அண்ணாந்து பார்த்திருக்கிறேன். மேஸ் ஹில்லில் அந்தக் குறையே இல்லை. ஆஸ்திரேலியக் காக்கை குழந்தை அழுவது மாதிரி இழுத்து இழுத்துக் கத்தும். தீபாராதனை நேரத்தில் சரியாக ஆரம்பிக்கும்.

பிள்ளைகள் எங்களைவிடச் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள். வார இறுதியில் தமிழ்ப் பள்ளி. வென்ட்வொர்த்வில் தமிழ்க் கல்வி நிலையம் மாதிரி அந்த வட்டாரத்தில் நடக்கும் பள்ளிகளில் ஆசிரியர்கள் பலரும் ஈழத்துப் பெற்றோர்கள், சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுப்பவர்கள். நியூ சவுத் வேல்ஸில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கே தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். இதற்காக அரசாங்கத்திடம் மனுப்போட்டு அலைந்தவர்கள் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சி, புத்தகம் எல்லாம் தயாராக இருந்தது. விளைவு, என் மகன் போனில் தாத்தாவிடம், "தாத்தா, நான் பள்ளிக்கூடத்தில கதைச்சுக்கொண்டு இருந்தனான்" என்பான். அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "பேரன் மலையாளம் படிக்கறானாட்ட இருக்குது" என்பார்.

என் வீட்டுக்காரர் வேலை தேடிய கதை சின்னது, ஆனால் அதில் ஒரு வினோதம் உண்டு. அவர் பெருந்துறைப் பக்கம் நூற்பாலையில் பராமரிப்பு வேலை பார்த்தவர். ஸ்பிண்டில் சத்தம் மாறினாலே எது கோளாறு என்று சொல்வார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், டன்மோர் தெருவில், பாண்ட்ஸ் கம்பெனியின் பஞ்சாலை வளாகம். ஆஸ்திரேலியாவில் பனியன், ஜட்டி என்றால் பாண்ட்ஸ்தான். 1920-களில் அங்கே பருத்தி நூல் நூற்க ஆரம்பித்தவர்கள். கிரேக்கர், இத்தாலியர், வியட்நாமியர் என்று கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்கிய எத்தனையோ பெண்களின் முதல் வேலை இந்த மாதிரி ஆலைகளில்தான். இவர் ஆசையோடு போய்ப் பார்த்தார். நாங்கள் வந்த அதே 2009, பிப்ரவரியில்தான், பாண்ட்ஸை வைத்திருந்த பசிபிக் பிராண்ட்ஸ் நிறுவனம் 1850 பேரை அனுப்புவதாகவும் உள்நாட்டு ஆலைகளை மூடுவதாகவும் அறிவித்திருந்தது. உற்பத்தி சீனாவுக்கு. இவர் திரும்பி வந்து, "ஏனு, நம்ம திருப்பூர்க்காரங்களால ஆனதா, சீனாக்காரங்களால ஆனதா தெரியல. நமக்கு முன்னாடியே பூட்டிட்டாங்க" என்றார். பிறகு கிடங்கில் இரவு வேலை, அதன்பின் தொழிற்கல்லூரியில் படிப்பு, லிஃப்ட் பராமரிப்பு வேலை. அதில்தான் இன்றும் இருக்கிறார்.

திருப்பூர் என்றதும் இன்னொன்று. 1904-இல் சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறியை விட்டுவிட்டுப் பிழைப்புக்குத் திருப்பூர் போனவர்தான் குமரன். 1932 ஜனவரியில் அங்கே தெருவில் கொடியோடு அடிபட்டு விழுந்து இறந்தார். ஊர் அவரைத் திருப்பூர் குமரன் என்றே சொல்கிறது. சென்னிமலைக் குமரன் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் சின்ன மனக்குறை உண்டு. எனக்கும் இருந்தது. இப்போது இல்லை. போன இடம்தான் அவரைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது, அது சரிதான்.

யோசித்தால் எங்கள் வட்டாரமே வந்தவர் போனவர்களால் ஆனது. சென்னிமலையிலிருந்து கொஞ்ச தூரத்தில், நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் அதுதான் என்பார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்மணி பட்டை தீட்டி, இரும்பு உருக்கி, ரோமாபுரி வரைக்கும் வியாபாரத் தொடர்பு வைத்திருந்த ஊர். அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆட்களின் பெயர்கள். தமிழ்ப் பெயர்களோடு, வடக்கேயிருந்து வந்து தங்கியவர்களுடையவை என்று ஆய்வாளர்கள் கருதும் பெயர்களும் உண்டு. அவர்களும் சட்டி பானை வாங்கி, அதில் தங்கள் பெயரை உள்ளூர் எழுத்தில் கீறி வைத்துக் குடித்தனம் செய்திருக்கிறார்கள். எவரிடம் என்ன படிவம் கேட்டார்களோ.

அப்பா காலமான பிறகு எங்கள் குழித்தறியை மூடிச் சிமென்ட் பூசி, முன்னறையை வாடகைக்கு விட்டாயிற்று. ஊருக்குப் போனபோது அங்கே ஒடிசாக் குடும்பம் ஒன்று இருந்தது. புருஷன் விசைத்தறியில், மனைவி சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில். அவர்களுடைய மகள், ஆறோ ஏழோ வயது, என் அம்மாவிடம் வந்து, "ஏனுங்காத்தா, இந்த அக்கா யாருங்?" என்று கேட்டாள். என் பிள்ளைகள் அப்படிப் பேச மாட்டார்கள். அம்மா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தது. "கவுர்மென்ட் பள்ளிக்கோடத்துல மொதல் மார்க்கு இவ" என்றது. அவளுடைய அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் ரசம் போகிறது, அவர்கள் ஊர்ப் பண்டிகைக்குப் பலகாரம் வருகிறது. பெண்டில் ஹில்லில் அக்கா எனக்குச் செய்ததை என் அம்மா சென்னிமலையில் யாருக்கோ செய்துகொண்டிருந்தது, ஒருவரை ஒருவர் தெரியாமலே.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போவதற்குக் காரணம், பெண்டில் ஹில் மளிகைக்கடையில் பார்த்த ஓர் ஆள்.

2013-ஆக இருக்கலாம். கடையில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பையன், வழியை மறித்து நின்ற என்னிடம், "கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க்கா" என்றான். நான் நகரவில்லை. அந்த ஊரில் அந்தச் சொல்லை என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடை முழுக்க ஈழத்தமிழ், நடுவில் இவன் மட்டும் எங்கள் பேச்சு.

"ஈரோடா கண்ணு?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. மூட்டையை அடுக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "அறச்சலூருங்க்கா."

"அட, நாங்க சென்னிமலை! அறச்சலூர்ல யாரு வீடு?"

எங்கள் ஊர்ப்பக்கம் இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் சாவி. யாரு வீடு, எந்தத் தோட்டம், யாருக்குச் சொந்தம். அவன் கொஞ்சம் சிரித்தான். "கேம்ப்புங்க்கா" என்றான்.

அறச்சலூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது எனக்குத் தெரியும். ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகரிலும் ஈஞ்சம்பள்ளியிலும் உண்டு. ஆனால் தெரியும் என்பதற்கு என்ன அர்த்தம்? என் பெரியம்மா வீடு அந்தப் பக்கம். ஈரோடு காங்கயம் பஸ்ஸில் போகும்போது யாராவது "அகதிக கேம்ப்பு" என்பார்கள். பஸ் நின்று புறப்படும். அந்த ஊரைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் நாகமலைக் குகையில் இருக்கும் இசைக் கல்வெட்டு. பெரியம்மா மகள் படித்த பள்ளியில் முகாம் பிள்ளைகளும் படித்தார்கள். அவர்கள் வீட்டுக்கு அவள் போனதில்லை, அவர்களும் வந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

பையனின் அப்பா அம்மா 1990-இல் மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து அறச்சலூருக்கு அனுப்பப்பட்டவர்கள். இவன் பிறந்தது ஈரோடு அரசு ஆஸ்பத்திரியில். பள்ளி அங்கே, கல்லூரி அங்கே. தைப்பூசத்துக்கு நண்பர்களோடு நடந்து வந்து சென்னிமலைப் படியேறியிருக்கிறான். முகாமில் கணக்கெடுப்பு நாளில் அதிகாரி முன்னால் ஆள் நின்றாக வேண்டும், அதற்குள் திரும்பிவிட வேண்டும், அதனால் தேர் பார்த்ததில்லை என்றான். படிப்பு முடிந்ததும் கம்பெனியில் பாஸ்போர்ட் கேட்டார்கள், இல்லை. அரசு வேலைக்கு எழுத முடியாது. 2012-இல் படகேறிவிட்டான். ஆஸ்திரேலியக் கடற்படை பிடித்து, முகாமில் வைத்து, பிறகு பிரிட்ஜிங் விசா கொடுத்து வெளியே விட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உன் நாட்டுக்குப் போ என்கிறது உத்தரவு. எந்த நாடு? இலங்கையை அவன் போட்டோவில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. "நா எங்கீங்க்கா போறது? சிலோன்ல எனக்கு பஸ் நம்பர்கூடத் தெரியாது" என்றான்.

அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சந்தகை பிழிந்தேன். தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டு, பேச்சே இல்லாமல் சாப்பிட்டான். அறச்சலூரில் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா ஒருவர் தீபாவளிக்குச் சந்தகை கொடுத்தனுப்புவாராம். யாருக்கும் தோன்றவில்லை என்று மேலே எழுதியது அந்த ஆத்தாவுக்குப் பொருந்தாது.

அக்காவின் கதையையும் இவன் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 83 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அக்காவின் வீடு எரிந்தது. கப்பலில் யாழ்ப்பாணம் போய், சில வருஷம் கழித்து விமானத்தில் சிட்னி வந்தார்கள். கணவருக்குப் பட்டம் இருந்தது, உறவினர் ஒருவர் முன்பே இங்கே இருந்தார், டிக்கெட்டுக்கு விற்க நகை இருந்தது. இவனுடைய பெற்றோரிடம் இருந்தது படகுக் கூலி மட்டும். ஓடிய காரணம் ஒன்றுதான். விமானம் ஏறியவர் வீட்டுக்காரர் ஆனார், படகு ஏறியவர் முகாம்காரர் ஆனார், அவர் மகனும் முகாம்காரர். திறமை, உழைப்பு என்றெல்லாம் நாங்கள் எங்கள் குடியேற்றத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். பாதிதான் உண்மை.

ஆஸ்திரேலியாவை உயர்த்திப் பேச நான் வரவில்லை. 2013 ஜூலையில், படகில் வரும் யாரும் இனி இங்கே குடியமர முடியாது என்று இந்த நாட்டுப் பிரதமர் அறிவித்தார். பிலோவீலா என்ற சின்ன ஊரில் இருந்த தமிழ்க் குடும்பத்தை 2018-இல் விடிகாலையில் வீடு புகுந்து கொண்டுபோனார்கள். இங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகளோடு கிறிஸ்துமஸ் தீவு வரைக்கும் அனுப்பினார்கள். அந்த ஊர் வெள்ளைக்காரர்கள் நாலு வருஷம் விடாமல் போராடி 2022-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தத் தாயும் தமிழ்நாட்டில் அகதியாகப் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர்தான். 2023-இல் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த ஏறக்குறைய 19,000 பேர் நிரந்தர விசா கேட்கலாம் என்றார்கள். எங்கள் அறச்சலூர்ப் பையனுக்கு, நிராகரிக்கப்பட்டவன் என்பதால், அதில் இடமில்லை. இப்போது அவன் பையனும் இல்லை, முப்பதைத் தாண்டிவிட்டான்.

எங்களுக்கு நாலு வருஷத்தில் குடியுரிமை கிடைத்தது. 2014 ஜனவரி 26, நகராட்சி மண்டபத்தில் உறுதிமொழி, சான்றிதழ், பரிசாக ஒரு செடி. அன்று இந்தியாவின் குடியரசு தினமும்கூட. சின்னவள் கையில் கொடி, பெரியவனுக்குப் பசி. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன், வருத்தம் இல்லாமல் இல்லை. அதற்குப் பதிலாக ஓசிஐ அட்டை தந்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க விசா இல்லாமல் சென்னிமலை வந்து போகலாம். என் மகள் சிட்னியிலேயே வளர்ந்தவள், அவளுக்கும் உண்டு. ஈரோட்டில் பிறந்து ஈரோட்டுத் தமிழ் பேசுகிற அவனுக்கு ஒன்றும் கிடையாது.

சட்டம் சொல்வது இது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்த எவரும் பிறப்பால் குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004-க்குப் பின் இன்னும் கெடுபிடி. 2019-இன் திருத்தச் சட்டம் மூன்று நாட்டு அகதிகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டு அரசு 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் குடியுரிமை தில்லியின் கையில். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்துகொண்டே, நீதிமன்றம் போய் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். அதற்குள் அவருக்கு முப்பத்தெட்டு வயது. அவரைவிட இரண்டு வருஷம் பிந்திப் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

சிட்னியிலும் மெல்பர்னிலும் சிங்கப்பூரிலும் எங்கள் கொங்குச் சங்கங்கள் கூடும்போது இரட்டைக் குடியுரிமை வேண்டும் என்று யாராவது பேசுவார்கள், கை தட்டுவோம். இனி அதற்காகப் போடும் மனுவில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: அறச்சலூரிலும் ஈஞ்சம்பள்ளியிலும் பவானிசாகரிலும் பிறந்த பிள்ளைகளுக்கு முதலில் இந்தியக் குடியுரிமை கொடுங்கள். நாங்கள் கேட்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.